படத்தொகுப்புக் கணினி: குறைந்த செலவில் உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

நல்ல செய்தி நல்ல விதையைப் போன்றது. அது உரிய காலத்தில் உரிய நிலத்தைச் சென்றடைந்தால்தான் பலன் தரும். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைப் பற்றித் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் விவசாயிகளுக்கு இடைவிடாது எடுத்துரைத்தது. அதன் பயனாகத் தஞ்சை வட்டாரத்தில் அந்நெல் வெகு விரைவாகப் பரவி, மக்களால் 'ரேடியோ நெல்' என்றே அழைக்கப்பட்டது. காதால் கேட்ட செய்திக்கே இத்துணை ஆற்றல் இருந்ததென்றால், கண்ணாலும் கண்டறியும் செய்தியின் ஆற்றலைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

இன்று காணொளி எடுக்கும் கருவி ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி வடிவில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தோன்றிய 'டிஜிட்டல் கிரீன்' என்னும் அமைப்பு, கிராமத்து உழவர்களையே படமெடுத்து அதனைப் பிற உழவர்களுக்குக் காட்டும் முறையைக் கையாண்டது. தம்மைப் போன்ற உழவர் ஒருவரே படத்தில் தோன்றிச் செய்து காட்டும்போது, பார்ப்போருக்கு நம்பிக்கை பிறக்கிறது என்பது அத்திட்டம் தந்த படிப்பினை. நம் மாநிலத்திலும் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் அலைவரிசை என்னும் பெயரைப் பெற்றது. அவ்வாண்டிலேயே அக்குழுவினர் முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கியதையும் நாடறியும்.

திண்டுக்கல் சமவெளியில் படமெடுப்பதற்குரிய பொருளுக்குக் குறைவில்லை. நிலக்கோட்டை மல்லிகை, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை, நத்தம் மாந்தோப்புகள், சின்னாளப்பட்டித் தறிகள் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு பாடம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைக் கையால் செய்யத் தெரிந்த தொழிலாளர்கள் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். அவர்களின் கைத்திறனைப் படமாகப் பதிவு செய்வது, வருங்காலத்துக்குச் சொத்துச் சேர்ப்பதாகும். கிராமசபையின் நடவடிக்கைகளையும் இவ்வாறே பதிவு செய்து ஊராருக்குக் காட்டலாம்.

ஆனால், எடுத்த படத்தை அப்படியே காட்ட இயலாது. தேவையற்றதை நீக்கி, வேண்டியதை வரிசைப்படுத்தி, குரலும் எழுத்தும் சேர்க்க வேண்டும். இதுவே படத்தொகுப்பு. கைப்பேசியிலேயே சிறு படங்களைத் தொகுக்கலாமாயினும், நீண்ட படங்களுக்கும் தொடர்ந்து செய்யும் தொழிலுக்கும் கணினி தேவைப்படுகிறது. இதனை எண்ணிக் கிராமத்து இளைஞர்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கடன் வாங்கிக் கணினி வாங்க முற்படுகின்றனர். எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பது தெரியாமையால், அக்கடன் பணத்தில் பெரும்பகுதி வீணாகும் அபாயம் உண்டு. ஆகவே இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் வேலையை அளந்துகொள்ளுதல்

கிணறு வெட்டுமுன் எத்தனை ஏக்கருக்குப் பாய்ச்சப் போகிறோம் என்று கணக்கிடுகிறோம் அல்லவா? கணினிக்கும் அதுவே முறை. மாதம் எத்தனை படங்கள் தொகுக்கப்படும்? ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் பதிவு செய்யப்படும்? எந்த அளவுத் தெளிவு வேண்டும்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதாமல் கடைக்குச் செல்லலாகாது.

படத்தின் தெளிவு புள்ளிகளால் அளக்கப்படுகிறது. 'முழு எச்.டி.' எனப்படும் 1920-க்கு 1080 அளவில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. '4கே' எனப்படும் 3840-க்கு 2160 அளவில் 82,94,400 புள்ளிகள் உள்ளன. அதாவது நான்கு மடங்கு. கைப்பேசி முழு எச்.டி.யில் பதிவு செய்கையில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 மெகாபைட் இடம் பிடிக்கும்; ஒரு மணி நேரத்துக்கு 8 ஜிகாபைட் என்று கொள்ளலாம். 4கே-யில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 20 ஜிகாபைட் வேண்டும். உழவுப் பாடங்களும், கிராமசபைப் பதிவுகளும், மக்கள் பெரும்பாலும் கைப்பேசியின் சிறு திரையிலேயே பார்ப்பவை. அவற்றுக்கு முழு எச்.டி. போதுமானது. திருமண விழாக்களைப் படமெடுக்கும் தொழிலை மேற்கொள்வோர் மட்டும் 4கே-யைக் கருதலாம்.

வருமானத்தையும் உடன் கணக்கிட வேண்டும். ஒரு குழு தன் செலவெல்லாம் போக மாதம் 2,500 ரூபாய் மிச்சப்படுத்த முடியும் என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாய்க் கணினியின் முதல் 24 மாதங்களில் திரும்பும். 1,20,000 ரூபாய்க் கணினிக்கு 48 மாதங்கள் ஆகும். வட்டியைச் சேர்த்தால் இன்னும் நீளும். பிராசஸர், மதர்போர்டு முதலிய உறுப்புகளுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு, அதாவது 36 மாத உத்தரவாதமே தரப்படுகிறது. ஆகவே முதல் வழியில் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கடன் தீர்ந்துவிடும். இரண்டாம் வழியில் உத்தரவாதம் முடிந்த பின்னும் ஓராண்டு கடன் நிற்கும். அவ்வோராண்டில் ஓர் உறுப்பு பழுதானால், பழைய கடனோடு புதுச் செலவும் சேரும். சிக்கனத்தின் அவசியம் இதனால் விளங்கும்.

கிணறும் மோட்டாரும் குழாயும்

கிணற்றில் நீர் ஏராளமாக இருப்பினும், மோட்டார் சிறியதாயின் நீர் வராது. மோட்டார் பெரியதாயினும், குழாய் குறுகியதாயின் பயனில்லை. இவை எல்லாம் சரியாயிருந்தும் ஃபுட் வால்வு பழுதாயின் ஒரு சொட்டும் ஏறாது. கணினியும் இத்தகைய ஒரு பம்ப்செட்டே. படங்கள் சேமித்து வைக்கப்பட்டுள்ள டிஸ்க் கிணற்றை ஒக்கும். பிராசஸர் மோட்டாரை ஒக்கும். ரேம் எனப்படும் நினைவகம் தொட்டியை ஒக்கும். ஏதேனும் ஓர் உறுப்பு மிகவும் மெலிந்திருந்தால் மற்றவற்றுக்குச் செலவிட்ட பணம் வீணே. உறுப்புகளுக்கிடையே சமநிலை காண்பதே சிக்கனத்தின் முதல் விதி.

பிராசஸர்

படம் பார்ப்பதற்கும் படம் தொகுப்பதற்கும் பெருத்த வேறுபாடு உண்டு. முழு எச்.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் முழு வண்ணத்துடன், விநாடிக்கு 30 படங்களாகச் சேமித்தால், ஒரு விநாடிக்கே ஏறத்தாழ 187 மெகாபைட் ஆகும். கைப்பேசியோ ஏறத்தாழ 2 மெகாபைட்டில் அதை அடக்கிவிடுகிறது. எங்ஙனம்? சில படங்களை மட்டும் முழுமையாக எழுதி, இடையில் உள்ளவற்றுக்கு முந்திய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் குறித்து வைக்கிறது. இவ்வாறு சுருக்கும் முறைகளில் எச்.264, எச்.265 என்பவை பெரும்பான்மையாக வழங்குகின்றன. படத்தை நேராக ஓட்டிப் பார்க்கும்போது கணினிக்கு இடர்ப்பாடில்லை. ஆனால் தொகுப்பவர் இடையில் ஓரிடத்தைத் தொட்டதும், கணினி பின்னோக்கிச் சென்று முழுப் படத்தைக் கண்டு, அங்கிருந்து மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து அவ்விடத்தை உருவாக்க வேண்டும். இவ்வேலைக்கே பிராசஸரின் வலிமை தேவைப்படுகிறது.

குறைந்த செலவில் தொழில் செய்ய விரும்புவோர் ஆறு உள்ளகங்கள் கொண்ட பிராசஸரைத் தேர்ந்தெடுப்பது நலம். கடைக்காரர்கள் இதனை 'ஆறு கோர்' என்பர். இன்டெல் நிறுவனத்தின் ஐ5 12400, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி ஆகியவை இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். நான்கு கோர் கொண்டவை பயிற்சிக்கும் சிறு படங்களுக்கும் போதுமானவை.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றினுள்ளேயே ஒரு வரைகலைப் பகுதி அமைந்துள்ளது. அதிலுள்ள 'குவிக் சிங்க்' என்னும் ஏற்பாடு எச்.264, எச்.265 படங்களை விரிக்கவும் சுருக்கவும் தனியே உதவுகிறது. பெயரின் இறுதியில் 'எஃப்' என்ற எழுத்துடைய பிராசஸர்களில் இப்பகுதி இயங்காது. அவை சற்று மலிவாகக் கிடைப்பதால், கடைக்காரர் அவற்றைப் பரிந்துரைப்பதுண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காதவருக்கு 'எஃப்' வகையால் திரையில் படமே வாராது. கார்டு வாங்குபவரும் அவ்வுதவியை இழப்பார். ஆதலால் நம் வேலைக்கு 'எஃப்' இல்லாத வகையே ஏற்றது.

மதர்போர்டு

ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டில் நுழையாது என்பதைத் திண்டுக்கல்லாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் உள்ள தொடர்பும் அத்தகையதே. இன்டெல் நிறுவனத்தின் 12, 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்கள் 'எல்.ஜி.ஏ. 1700' என்னும் பொருத்துவாயில் அமர்பவை. ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரிசைக்கு 'ஏ.எம்.4' வாயும், 7000 வரிசை முதற்கொண்டு 'ஏ.எம்.5' வாயும் வேண்டும். ரேமிலும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரு வகை உண்டு. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்றைப் பொருத்த இயலாது. எனவே பிராசஸர், மதர்போர்டு, ரேம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஒன்றுக்கொன்று பொருந்துமா எனச் சரிபார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

மதர்போர்டில் ரேமுக்கு நான்கு இடங்களும், விரைவான எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு இடங்களும் இருப்பின் பிற்காலத்தில் விரிவாக்குவது எளிது. வண்ண விளக்குகளுக்கும் அலங்காரத்துக்கும் அதிக விலை கொடுப்பது வீண். விளக்கு எரிவதால் படம் விரைந்து தொகுக்கப்படுவதில்லை.

ரேம்

முழு எச்.டி. தொகுப்புக்கு 16 ஜிகாபைட் ரேம் குறைந்த அளவாகும். 4கே வேலைக்கும், எழுத்துகள் அசைந்து வருவன போன்ற ஜோடனை வேலைகளுக்கும் 32 ஜிகாபைட் விரும்பத்தக்கது. 16 ஜிகாபைட்டை ஒரே துண்டாக வாங்குவதைவிட 8 வீதம் இரு துண்டுகளாக வாங்கினால், இரு வாய்க்கால்களில் நீர் பாய்வது போலத் தரவு இரு வழியாகச் செல்லும். பிராசஸரினுள் உள்ள வரைகலைப் பகுதியைக் கொண்டே வேலை செய்வோருக்கு இது மிகவும் பயன்படும். அப்பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது, பொது ரேமிலிருந்தே அது பங்கு பெறுகிறது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி நிலையங்களின் தேவை பெருகியதால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. எனவே பழைய விலையை நம்பித் திட்டமிடாமல், வாங்கும் வாரத்தின் விலையைக் கேட்டறிவதே தக்கது.

சேமிப்பும் காப்பும்

ஹார்டு டிஸ்க் விநாடிக்கு ஏறத்தாழ 150 மெகாபைட் வேகத்தில் இயங்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 550 மெகாபைட் வரையிலும், என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. பல ஆயிரம் மெகாபைட் வரையிலும் தரவைத் தரவல்லவை. ஆகவே இயங்குதளத்தையும் நடப்பு வேலையையும் என்.வி.எம்.இ. வகையிலும், முடிந்த வேலைகளை மலிவான ஹார்டு டிஸ்கிலும் வைத்துக்கொள்வது சிக்கன வழியாகும். மாதம் பத்து மணி நேரம் முழு எச்.டி.யில் பதிவு செய்வோருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 960 ஜிகாபைட் சேரும். எனவே 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமானது.

இங்கு வேகத்தினும் பெரியதொன்று உண்டு. நெல் மறு பருவத்தில் விளையும். ஆனால் முதிய பூட்டுத் தொழிலாளி ஒருவர் தம் கைவண்ணத்தை விளக்கிய பதிவு அழிந்தால், அவர் காலத்துக்குப் பின் அதனை எங்கே தேடுவது? எந்த டிஸ்கும் ஒரு நாள் பழுதாகக்கூடியதே. ஆகையால் முக்கியமான பதிவுகளுக்கு மூன்று படிகள் வேண்டும். ஒன்று கணினியில்; இரண்டாவது வெளியே கழற்றி வைக்கக்கூடிய ஹார்டு டிஸ்கில்; மூன்றாவது வேறொரு கட்டடத்தில் அல்லது இணையச் சேமிப்பில். வெளி டிஸ்கை எப்போதும் கணினியோடு இணைத்தே வைத்திருந்தால், மின்னழுத்தக் கேடு வரும்போது இரண்டும் ஒருசேர அழியக்கூடும். வேலை முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் வைப்பதே காப்பு. வெளி டிஸ்குக்கான பணத்தை மிச்சப்படுத்துவது சிக்கனமன்று. அது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்.

கிராபிக்ஸ் கார்டு

பெருஞ்செலவு பிடிக்கும் உறுப்பு இதுவே. அவசரப்பட்டு வாங்கப்படும் உறுப்பும் இதுவே. விளையாட்டுக்குரிய கணினியில் இது முதலிடம் பெறும். படத்தொகுப்பிலோ, வண்ணம் திருத்துதல், இரைச்சல் நீக்குதல், பல அடுக்குக் காட்சிகளை ஒன்று சேர்த்தல் ஆகிய வேலைகளில்தான் இதன் உதவி மிகுதி. வெட்டி ஒட்டி, குரல் சேர்த்து, எழுத்து வைக்கும் முழு எச்.டி. வேலைகளுக்குப் பிராசஸரினுள் உள்ள வரைகலைப் பகுதியே பெரும்பாலும் போதும். ஆகவே முதலாண்டில் கார்டு இல்லாமலே தொடங்கி, வருமானம் வந்தபின் அதிலிருந்து வாங்கிச் சேர்ப்பது அறிவுடைமை. வாங்கும்போது அதன் சொந்த நினைவகம் முழு எச்.டி.க்கு 4 ஜிகாபைட்டும், 4கே-க்கு 8 ஜிகாபைட்டும் இருத்தல் நலம். வாங்கிய பழைய கார்டு முன்பு எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதை எளிதில் கண்டறிய முடியாது. ஆதலால் உத்தரவாதமற்ற பழைய கார்டைத் தவிர்க்க வேண்டும்.

மின்சாரமும் எர்த்தும்

மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் மோட்டார் சுருள் எரிந்துபோன அனுபவம் விவசாயிகளுக்குப் புதிதன்று. கணினியினுள் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் உறுப்பை எஸ்.எம்.பி.எஸ். என்பர். மதர்போர்டையும் டிஸ்கையும் காப்பதும் இதுவே, அழிப்பதும் இதுவே. பெயரறியாத மலிவுப் பெட்டிகளில் '450 வாட்' என்று எழுதியிருப்பினும், அவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து தரும் என்பதற்கு உறுதியில்லை. '80 பிளஸ்' முத்திரை பெற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேவையைக் கணக்கிடும் முறை எளிது. மேற்கூறிய ஐ5 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை கொள்ளும். நடுத்தர கிராபிக்ஸ் கார்டு 130 வாட் கொள்ளும். ஏனையவற்றுக்கு 60 வாட் எனின், மொத்தம் 307 வாட். இதற்கு 500 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும். 800 வாட் வாங்குவது பணவிரயம்; சிறியதை வாங்கினால் பின்னர் கார்டு சேர்க்கும்போது மீண்டும் செலவு.

திடீரென மின்சாரம் நின்றால் முடிவுறாத வேலை அழிவதோடு டிஸ்கும் கெடக்கூடும். ஆதலின் 1000 வி.ஏ. அளவுள்ள யு.பி.எஸ். ஒன்று அவசியம். அது தரும் சில நிமிடங்களில் வேலையைச் சேமித்து, கணினியை முறைப்படி நிறுத்திவிடலாம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, அறையில் எர்த் இணைப்புச் சரியாக உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். எர்த் இல்லாத கட்டடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பாதுகாப்பற்றதே.

கேபினெட்டும் திரையும்

நம் சமவெளி வறண்டது, கோடையில் கொதிப்பது. சாலைப் புழுதியும், நூற்பாலைகள் உள்ள ஊர்களில் பஞ்சுத் தூசும் சேர்கின்றன. இவை உள்ளே படிந்தால் சூடு வெளியேறாது. சூடு மிகுந்தால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முகப்பில் கண்ணாடி உள்ள அலங்காரக் கேபினெட்டை விட, முகப்பில் வலையும் கழற்றிக் கழுவத்தக்க தூசி வடிகட்டியும் உள்ள எளிய கேபினெட் சாலச் சிறந்தது. காற்று உள்ளே வர ஒரு விசிறியும், வெளியேற ஒரு விசிறியும் போதும். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தூசி அகற்ற வேண்டும். கணினியைத் தரையில் வையாது மேசைமேல் வைப்பதும் நல்ல பலனளிக்கும்.

திரை 'ஐ.பி.எஸ்.' வகையாக, 24 அங்குல அளவில், முழு எச்.டி. தெளிவுடன் இருத்தல் போதும். விலைப்பட்டியலில் 'எஸ்.ஆர்.ஜி.பி.' வண்ண அளவு 99 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். திரை தவறான வண்ணத்தைக் காட்டினால், தொகுப்பவர் அதற்கேற்பத் திருத்தி விடுவார். பின்னர் பிறர் பார்க்கையில் பழுத்த தக்காளி வெளிறியும், இலையில் தோன்றிய நோயின் மஞ்சள் நிறம் மறைந்தும் போகும். நோயை அடையாளம் காட்ட எடுத்த படத்தில் நோயின் நிறமே தவறினால், அப்பாடத்தால் தீமையே விளையும்.

மென்பொருளும் ஒரு சிக்கன உபாயமும்

கேடென்லைவ், ஷாட்கட் என்பவை விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். டாவின்சி ரிசால்வ் என்பதற்கும் விலையில்லாப் பதிப்பு உண்டு. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தில் அவ்விலையில்லாப் பதிப்பு எச்.264, எச்.265 படங்களைத் திறவாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். திருட்டுப் பிரதிகளை நாடுவது சட்டவிரோதம். அவற்றோடு நச்சு நிரல்களும் வந்து சேரும்.

வலிமை குறைந்த கணினியிலும் 4கே படத்தைத் தொகுக்க ஓர் உபாயம் உண்டு. இம்மென்பொருள்கள் 'பிராக்ஸி' எனப்படும் சிறு பிரதியைத் தயாரித்துத் தரும். 960-க்கு 540 அளவிலான பிரதியில் 4கே படத்தின் பதினாறில் ஒரு பங்குப் புள்ளிகளே உள்ளன. அதனைக் கொண்டு எளிதாக வெட்டி ஒட்டி முடித்தபின், இறுதியில் மூலப் படத்திலிருந்தே முழுத் தெளிவுடன் படம் உருவாகும். இரவில் கணினியை இவ்வேலையில் விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் முடிந்திருக்கும். இவ்வுபாயத்தை அறிந்தவர் பெருந்தொகையை மிச்சப்படுத்துவர்.

ஒரு ரூபாயின் பங்கீடு

விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே ஒரு ரூபாயை நூறு காசாகப் பகுத்து, கார்டு இல்லாத கணினிக்கு நாம் பரிந்துரைக்கும் பங்கீட்டைக் கீழே தருகிறோம்.

பிராசஸர் - 20 காசு
மதர்போர்டு - 12 காசு
ரேம் - 13 காசு
எஸ்.எஸ்.டி. - 10 காசு
உள் ஹார்டு டிஸ்க் - 8 காசு
வெளி ஹார்டு டிஸ்க் - 8 காசு
எஸ்.எம்.பி.எஸ். - 6 காசு
கேபினெட் - 4 காசு
திரை - 12 காசு
யு.பி.எஸ். - 5 காசு
விசைப்பலகையும் சுட்டியும் - 2 காசு

இதில் சேமிப்புக்கும் மின்காப்புக்கும் சேர்ந்து 37 காசு ஒதுக்கப்பட்டுள்ளது. கடைகளில் தரப்படும் பட்டியல்களில் இப்பகுதியே முதலில் குறைக்கப்படும். அங்ஙனம் குறைக்க இடங்கொடுத்தலாகாது. பணம் போதாவிடின் உள் ஹார்டு டிஸ்கைச் சில மாதங்கள் கழித்து வாங்கலாம், எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்., வெளி டிஸ்க் ஆகிய மூன்றையும் ஒத்திப்போடலாகாது.

கொள்முதல்

திண்டுக்கல், மதுரை நகரக் கடைகளிலும், சென்னை ரிச்சி தெருவிலும், இணையக் கடைகளிலும் உறுப்புகள் கிடைக்கின்றன. குறைந்தது மூன்று இடங்களில், ஒவ்வோர் உறுப்பின் முழுப் பெயரும் எண்ணும் குறித்த கொட்டேஷன் பெற வேண்டும். 'ஐ5 கணினி, 16 ஜி.பி.' என்று மட்டும் எழுதிய பட்டியல் பயனற்றது. ஐ5 என்ற பெயரில் பல தலைமுறைகள் உள்ளன. சரக்கு சேவை வரியுடன் கூடிய ரசீதும், ஒவ்வோர் உறுப்பின் தொடர் எண்ணும் கட்டாயம் பெறப்பட வேண்டும். ரசீதில்லா மலிவு விலை, உத்தரவாதம் கோரும் நாளில் மிகுந்த விலையாகிவிடும். தொலைவிலுள்ள கடையில் சில நூறு ரூபாய் குறைவாயினும், பழுது வந்தால் சென்று வரும் செலவையும் வேலை நிற்கும் நாட்களையும் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டும்.

அலுவலகங்களில் பயன்படுத்திய பழைய கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பயிற்சிக்கு இவை ஏற்றவை. ஆயினும் இரு செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸர் வேண்டும். மேலும், பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். தனி அளவில் அமைந்திருப்பதால், பின்னர் கார்டு சேர்ப்பது கடினம்.

பஞ்சாயத்து நிதியில் வாங்குவதாயின், 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும் நிதி விதிகளுக்கும் உட்பட்டே செயல்பட வேண்டும். வேண்டிய உறுப்புகளின் தன்மையை அங்கத்தினர்கள் தாங்களே எழுதித் தந்தால், விற்பவர் விருப்பப்படி வாங்கும் நிலை நேராது. கணினியின் பொறுப்பு யாரிடம், பதிவுகளின் படிகள் எங்கே, பழுதுபார்க்கும் செலவு எந்தத் தலைப்பில் என்பவற்றையும் தீர்மானத்தில் பதிவு செய்வது நன்று.

உறுப்புகளை இணைக்கும் வேலையைக் கடைக்காரரிடமே விடலாம். பெரும்பாலும் சிறு கூலிக்கே செய்து தருவர். அப்போது குழுவில் இருவர் உடனிருந்து பார்த்துக் கற்றுக்கொள்வது பெரும் பயன் தரும். இணைத்த பின் அங்கேயே ஒரு மணி நேரம் படத்தைத் தொகுத்தும் உருவாக்கியும் சோதித்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

முடிவுரை

1947-இல் நம் மாவட்டத்துச் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம் நிறுவப்பட்ட நாள் தொட்டு, கிராமத்தார் தம் தொழிற்கருவியைத் தாமே அறிந்து ஆளவேண்டும் என்னும் கொள்கை இப்பகுதியில் வேரூன்றி வந்துள்ளது. ராட்டைக்கும் தறிக்கும் பொருந்திய அக்கொள்கை கணினிக்கும் பொருந்தும். வேலையை அளந்து, உறுப்புகளுக்கிடையே சமநிலை கண்டு, மின்காப்புக்கும் பதிவுக் காப்புக்கும் முதலிடம் தந்து, அலங்காரத்தைத் தவிர்த்து, வருமானம் வரவர விரிவாக்கிக்கொள்வோர் கடனில் அமிழ்வதில்லை. அடுத்த கிராமசபைக் கூட்டத்திலோ குழுக் கூட்டத்திலோ இப்பங்கீட்டை வாசித்து, உங்கள் ஊரின் தேவையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அத்தாளே நீங்கள் கடைக்குக் கொண்டு செல்லவேண்டிய முதற்கருவியாகும்.